சதுப்பில் படுத்த குதிரை

டைட்டஸின் டிராக்டர் பழுதாகி வயலிலேயே நின்றுவிட்ட வாரத்தில்தான் செஃபஸ் மங்கின் தன் குதிரையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். முடிவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாகப் பிறகு சேர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது.

டிராக்டர் நின்ற அன்று மதியம் அவருடைய பெண்குதிரை ஜூபா, வேலி சாய்ந்திருந்த இடத்தில் வெளியே வந்து, சர்க்கரைவள்ளி வயலைக் கடந்து, டிராக்டருக்கு அருகில் போய் நின்றது. மேய்வதற்கு அல்ல. அங்கே புல்லே இல்லை. இரண்டு குதிரைகள் ஒன்றுக்கொன்று ஈ ஓட்டிக்கொண்டு நிற்குமே, அதைப்போல விலாவைப் பெரிய சக்கரத்தோடு ஒட்டி, தலையை எஞ்சின் மூடிக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டு நின்றது. மழை வந்தது. மழை விட்டது. அது நகரவில்லை.

சாமான்களோடு டிராக்டரைப் பிரிக்க வந்த டைட்டஸ்தான் போய்ச் சொன்னான்.

“மாமா, உங்க பொண்ணு மாப்பிள்ளை பாத்துக்கிட்டா. பாதிரியார்கிட்ட நான் பேசட்டுமா?”

செஃபஸ் கயிற்றை எடுத்துக்கொண்டு நடந்தார். பக்கத்து வீட்டு வாசலில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த எவலினா, அவருடைய சித்தப்பா மகள், கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்:

“மாப்பிள்ளை ஊமையாமே. பரவாயில்ல. அண்ணன் வீட்டுல வளந்தவதானே, பழகிக்குவா.”

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வயலில் அந்தக் குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி அவரும் டிராக்டர் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றதை டைட்டஸ் பார்த்திருக்கிறான்.

எங்கள் தீவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு டாக்கி இருந்தது. டாக்கி என்றால் மட்டமானது, ஒன்றுக்கும் ஆகாதது என்று அர்த்தம். உயரமான குதிரைகளில் போன பண்ணைக்காரர்கள் எங்கள் குட்டைக் குதிரைகளுக்கு வைத்த பெயர் அது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முதுகெலும்பு நெடுகக் கறுப்புக் கோடு, சேற்றில் சிக்காத ஒடுங்கிய குளம்பு, எதைப் போட்டாலும் தின்னும் வாய். உழவுக்கு அதுதான். மருத்துவச்சியைக் கூட்டிவர அதுதான். சவப்பெட்டி ஏற்றிய வண்டியை இழுக்கவும் அதுதான். கிறிஸ்துமஸ் முடிந்ததும், கடல் வாங்கியிருக்கும் நேரத்தில், கரை மணலில் பந்தயம் விடுவோம். ஜூபா அதில் இரண்டு வருஷம் ஜெயித்திருக்கிறது.

பிறகு பாலம் வந்தது. பாலத்தின் வழியாக டிராக்டர் உள்ளே வந்தது. ஆட்கள் வெளியே போனார்கள். சவானாவுக்குப் போனார்கள், நியூயார்க்குக்குப் போனார்கள். குதிரைகள் விற்கப்பட்டன, அல்லது கிழடாகிச் செத்தன. டைட்டஸின் அப்பா வைத்திருந்த கடைசி ஆண் குதிரை போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் படுத்து எழவில்லை. அதற்குப் பிறகு தீவில் ஜூபா மட்டும்தான். கடற்கரை அப்படியேதான் இருக்கிறது. ஒரே ஒரு குதிரை ஓடினால் அதற்குப் பந்தயம் என்று பெயர் இல்லை.

செஃபஸின் மனைவி ரோசெட்டா ஒரு குளிர்காலம் மட்டும் மகளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று பிலடெல்பியாவுக்குப் போனவள். அவளும் திரும்பவில்லை.

சதுப்புக்கு அப்பால், பாலம் போய்ச் சேரும் நிலப்பக்கத்தில், வாரிங் என்ற வெள்ளைக்காரர் இந்தக் குதிரைகளைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. இலையுதிர் காலத்தில் ஒருமுறை வந்து செஃபஸின் வேலியில் சாய்ந்து நின்று பேசினார்.

“இது ஸ்பானியர் கொண்டுவந்த குதிரை, செஃபஸ். நானூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்தது. அவங்க போகும்போது விட்டுட்டுப் போனாங்க. அப்புறம் செவ்விந்தியர் வெச்சிருந்தாங்க, அப்புறம் சண்டைக்குப் போச்சு, அப்புறம் உங்ககிட்ட வந்துச்சு. இந்த ரத்தம் இப்ப ஸ்பெயின்லகூட கிடையாது. உன்கிட்ட இருக்கறது என்னன்னு உனக்குத் தெரியுமா?”

செஃபஸ் ஜூபாவின் பிடரியில் ஒட்டியிருந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வாரிங் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வராமலே வண்டி ஏறிப் போனார்.

“குதிரையும் கப்பல்ல வந்துச்சு. நாமளும் சங்கிலியோட கப்பல்லதான் வந்தோம்,” என்றாள் எவலினா. “குதிரை ரத்தத்துக்கு மட்டும் நானூறு வருஷக் கணக்கு வெச்சிருக்கான் பாரு. உன் வயசுல பாதி இல்ல, வாடா போடான்னு கூப்பிடாத குறை.”

“குதிரைங்க எத்தனை வெச்சிருக்கானாம்?” என்றார் செஃபஸ்.

“என்னைக் கேட்டா? வாயைத் தொறந்து அவனை இல்ல கேட்டிருக்கணும்?”

டிராக்டர் நிகழ்ச்சிக்கு மறுநாள், நிலப்பக்கம் போன டைட்டஸிடம் அவர் சொல்லி அனுப்பினார். வாரிங் குதிரை ஏற்றும் வண்டியோடு வந்தார். கூட லானி என்ற வேலையாள், எங்களைப் போலக் கறுப்பினப் பையன்தான், நிலப்பக்கத்தில் பிறந்தவன். ஜூபா சரிவுப்பலகைக்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றது. மக்காச்சோளம் காட்டினார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள். லானி வண்டிக்குள் போய், தானே ஒரு குதிரை மாதிரி கனைத்தும் காட்டினான்.

“அது ஏறாது,” என்றாள் எவலினா, தன் வாசலில் இருந்து. “நீ நல்லா இருக்கே உள்ள. உன்னைக் கட்டி ஓட்டிட்டுப் போகச் சொல்லு.”

காலை முழுக்கப் போராடிவிட்டு எல்லோரும் வியர்த்து நின்றபோது செஃபஸ் சொன்னார்: “பாலத்து இரும்புல அது கால் வைக்காது. நான் சதுப்பு வழியா கொண்டாறேன்.”

“சதுப்பு வழியாவா? நடுவுல ரெண்டு ஓடை இருக்கு. சேத்துல மாட்டிக்கிட்டா?” என்றார் வாரிங்.

“மாட்டும். படுக்கும். எந்திரிக்கும்.”

எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வெளியூர்க் குதிரை எங்கள் சேற்றில் இறங்கினால் உதைக்கும். உதைக்க உதைக்க இன்னும் இறங்கும். கடைசியில் துப்பாக்கி எடுத்து வரவேண்டியதாகிவிடும். டாக்கி உதைக்காது. வயிறு வரைக்கும் புதைந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். கால்களை ஒவ்வொன்றாக உருவி வெளியே எடுக்கும். களைப்பு தீரும்வரை கிடக்கும். பிறகு எழுந்து போகும். அதுவரை கூட வந்த மனிதன் செய்ய வேண்டியது, பக்கத்தில் ஒரு புல்திட்டைப் பார்த்து உட்காருவது மட்டும்தான். இழுக்கக் கூடாது. தட்டக் கூடாது. பேசவும் கூடாது. பேசினால் அரைகுறையாக எழுந்து மறுபடி புதையும் என்பார்கள். வீட்டில் யாராவது மனம் சரியில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டால்கூட, ‘டாக்கி படுத்திருக்கு, விடு’ என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். ரோசெட்டா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் செஃபஸ் அப்படித்தான் பேசாமல் விட்டுவைத்திருந்தார்.

ஜனவரியில், கடல் நன்றாக வாங்கும் ஒரு நாளில், விடிந்ததும் கிளம்பினார். சேணம் போடவில்லை. கழுத்தில் ஒரு கயிறு, அவ்வளவுதான். எவலினா ஒரு துணியில் சோளரொட்டியும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தாள்.

“கொடுத்துட்டு வந்து என்ன செய்யப் போறே?” என்று கேட்டாள். கேலி இல்லாமல் கேட்டாள்.

அவர் யோசித்தார். “வேலியைச் சரி பண்ணணும்,” என்றார்.

“எதுக்கு? உள்ள நிறுத்தறதுக்கு என்ன இருக்கு?”

அவர் ரொட்டி மூட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டார். புறப்பட்டார்.

சதுப்பில் அந்த வேளையில் சத்தமே இராது. பழுப்பேறிய புல், அதற்கிடையில் ஈயம் போல மின்னும் சேறு, அழுகிய முட்டை வாசனை. எங்களுக்கு அது வீட்டு வாசனை. முதல் ஓடையை ஜூபா நீந்தாமலே கடந்தது. செஃபஸ் முதுகில் இருந்தார். பெரிய திட்டில் இறங்கிக்கொண்டு, அது முன்னால் போக இவர் வால் பக்கமாக நடந்தார். மேகம் தாழ்ந்து இருந்தது. மேற்கிலிருந்து காற்று வரவில்லை. அதனால் அந்தப் பக்கக் குதிரைகளின் வாடையும் வரவில்லை. மரக்கோடு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் கீழே இரண்டு ஆட்கள், வாரிங்கும் லானியும், நிற்பதும் தெரிந்தது.

இரண்டாவது ஓடைக்கு முன்னால் ஜூபா புதைந்தது. முன்கால்கள் முதலில், பிறகு பின்கால்கள். வயிறு சேற்றைத் தொட்டது. பெருமூச்சு விட்டது. இடது பக்கமாகச் சாய்ந்தது.

செஃபஸ் கயிற்றைக் கழற்றிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த புல்திட்டில் உட்கார்ந்தார்.

ஒரு கால் வெளியே வந்தது. இன்னொரு கால். நான்கும் வந்துவிட்டன. ஜூபா விலாவைச் சேற்றில் பரப்பிக்கொண்டு, தாடையைச் சேற்றில் வைத்துக்கொண்டு கிடந்தது. மூச்சு சீராக இருந்தது. அவர் ரொட்டியில் கொஞ்சம் பிய்த்துத் தின்றார். கண்ணைத் தூரத்து மரங்களில் வைத்துக்கொண்டார்.

நேரம் போயிற்று. நண்டுத் துளைகளில் நீர் கொப்பளித்தது. கடல் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

“செஃபஸ்!” வாரிங்கின் குரல் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. “கயிறு கொண்டுவரட்டுமா? படகு இருக்கு.”

அவர் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். வேண்டாம்.

“தண்ணி ஏறுதுய்யா!”

மறுபடியும் உள்ளங்கை.

கயிறு போட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சேறு பிடியை விடாது, மூட்டுதான் விடும். ஆனால் எழவேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஜூபா களைத்துக் கிடக்கவில்லை. களைத்த குதிரையின் கண் பாதி மூடியிருக்கும். இதன் கண் திறந்திருந்தது. சும்மா கிடந்தது, அவ்வளவுதான். வீட்டு முற்றத்தில் வெயிலில் கிடப்பது போல.

அவருடைய பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் வந்தது. ஜூபாவின் கீழ்க்கன்னத்தைத் தொட்டது. அது தலையைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டது. எழவில்லை.

அவர் முன்பு சதுப்பைக் கடந்த நாட்களை நினைத்துப் பார்த்தார். நிலப்பக்கத்துச் சந்தைக்குக் கிழங்கு மூட்டைகளோடு நான்கைந்து குதிரைகள் சேர்ந்து போன நாட்கள். ஒன்று புதையும், படுக்கும். அதற்கு உரியவன் இறங்கி உட்காருவான். உட்கார்ந்து பேசாமல் இருப்பான். பிறகு அது எழும். அந்த நினைவில் அவர் எப்போதும் உட்கார்ந்திருந்த மனிதனைத்தான் பார்த்து வந்தார். அவன் பொறுமையைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். இப்போது வேறு வேலை இல்லாததால் மற்றதையும் பார்த்தார். மற்றக் குதிரைகள் நிற்கவில்லை. மூட்டைகளோடு அவை போய்க்கொண்டே இருந்தன. படுத்திருந்த குதிரையின் காது, போய்க்கொண்டிருந்த வால்களின் பக்கம் திரும்பியிருந்தது. வால்கள் புல்லுக்குள் மறையும் நேரத்தில்தான் அது எழுந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். உட்கார்ந்திருந்த மனிதனுக்கும் அதற்கும் சம்பந்தமே இருந்ததில்லை.

அவர் ஜூபாவின் காதைப் பார்த்தார். அது அவர் பக்கம் திரும்பியிருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அது எழுவதற்குக் காரணமே இல்லை. அதன் கூட்டம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

செஃபஸ் எழுந்தார். எழுந்தவுடன் கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. குதிரையின் பக்கம் போகத்தான் உடம்பு சாய்ந்தது. அவர் உடம்பைத் திருப்பி, ஓடையின் பக்கமாக முகம் வைத்து, வயிறு சேற்றில் படக் குப்புற விழுந்தார். மனிதன் சேற்றில் போவதற்கு அது ஒன்றே வழி. முழங்கைகளை ஊன்றி உடம்பை இழுத்தார். சேறு பனிக்கட்டியாக இருந்தது. சட்டைக்குள் இறங்கியது. சிப்பி ஓடு ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. இன்னொரு இழுப்பு. இன்னொன்று.

“செஃபஸ், அதை விட்டுட்டு எங்கய்யா போறே?” என்று வாரிங் கத்தினார்.

அவர் தவழ்வதை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. திரும்பினால் அவர் முகம் அதற்குத் தெரியும். முகம் தெரிந்தால் அது கிடக்கும். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர் அதன் மூக்கை எட்டியிருக்குமா என்று அவர் மனம் கணக்குப் போட்டது. கணக்கு நல்லதாக வரவில்லை. அவர் தவழ்ந்தார். புல்லுக்குள் நுழைந்தார். புல் அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு கணம் முகத்தைச் சேற்றில் வைத்துக்கொண்டு கிடந்தார் என்று லானி பிறகு சொன்னான். அழுதாரா, களைப்பா, அவனுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஜூபா கனைத்தது. கோபமாகக் கனைத்தது. பிறகு சேறு பிடியை விடும் சத்தம், ஈரத்துணியைக் கிழிப்பதைப் போல. ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு நிற்காமல் வந்தது.

அது வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டார். ஓடையில் நீர் ஏறிவிட்டிருந்ததால் இரண்டு பேரும் நீந்தித்தான் கரை சேர்ந்தார்கள்.

வாரிங் ஒரு சாக்கை எடுத்து அவர்மேல் போர்த்தினார். “என் ஆயுசுல இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல,” என்றார். “இதுதான் ரத்தம்ங்கறது. சேத்துல பிறந்த ரத்தம்.”

செஃபஸின் பற்கள் அடித்துக்கொண்டன. அதனால்தான் பதில் சொல்லவில்லை என்று வாரிங் நினைத்திருக்கலாம்.

மரங்களுக்குப் பின்னால் புல்வெளி. அங்கே பதினைந்து இருபது டாக்கிகள். எல்லாவற்றுக்கும் அதே உயரம், அதே கறுப்புக்கோடு. செஃபஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை டாக்கிகளைச் சேர்த்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. ஜூபாவை உள்ளே விட்டார்கள். அது காதுகளை முன்னே வைத்து, கால்களை உயர்த்தி உயர்த்தி வைத்து, ஓட்டமும் நடையுமாகப் போனது. செம்பழுப்புப் பெண்குதிரை ஒன்று கூட்டத்திலிருந்து வெளியே வந்து, அதை முகர்ந்தது. முகர்ந்துவிட்டுக் கடித்தது. இன்னொன்று பின்னங்காலால் உதைத்தது. ஜூபா ஒதுங்கியது. மறுபடி போனது. மறுபடி அவை விரட்டின. அது திரும்பி நேராக வேலிக்கு வந்து, செஃபஸின் தோளில் தாடையை வைத்தது.

“ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும்,” என்றார் வாரிங். “நீ நின்னு பாரு. காபி கொண்டுவரச் சொல்றேன். ராத்திரி இங்கயே தங்கிக்கோ, கொட்டகையில அடுப்பு இருக்கு.”

செஃபஸ் ஜூபாவின் காதைப் பார்த்தார்; அது அவர் பக்கமே திரும்பியிருந்தது.

“வண்டியை எடுக்கச் சொல்லுங்க,” என்றார்.

“பழகறவரைக்கும் இருந்து பாரேன். அவசரம் என்ன?”

“நான் இருந்தா பழகாது.”

வாரிங் லானியைப் பார்த்துத் தலையசைத்தார். செஃபஸ் ஜூபாவின் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்து, தன் தோளிலிருந்து அதை மெதுவாக எடுத்து வைத்தார். தட்டிக்கொடுக்கவில்லை. நேராக நடந்துபோய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லானி வண்டியைக் கிளப்பினான். மண் பாதையில் மெல்லப் போனார்கள். பின்னால் ஒரு கனைப்பு கேட்டது. செஃபஸ் முன்கண்ணாடி வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, வேலியண்டையே நிக்குது,” என்றான் லானி, பக்கக் கண்ணாடியைப் பார்த்து.

அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

“நிறுத்தவா?”

“போ.”

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். பாதை வளையும் இடம் தெரிந்தது. அவர் கேட்டார்:

“முகம் எந்தப் பக்கம் இருக்கு?”

லானி குனிந்து கண்ணாடியைப் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். “இந்தப் பக்கம்தான்... இருங்க. இல்ல, திரும்பிடுச்சு. அங்கிட்டுப் போகுது. அந்தச் செம்பழுப்பு சும்மா நிக்குது.”

“கடிக்குதா?”

“தெரியல. மரம் மறைச்சிடுச்சு.”

செஃபஸ் தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார், யாரோ இன்னும் பேசிக்கொண்டிருப்பது போல. வண்டி தார்ச்சாலையில் ஏறியது. பாலத்தின் இரும்பு தெரிந்தது. வண்டி ஹீட்டரின் சூட்டில் அவர் மடியிலும் கையிலும் இருந்த சேறு வெளுத்து, வெடித்து, இருக்கையில் கொட்டத் தொடங்கியது. அவர் அதை விரலால் கூட்டி உள்ளங்கையில் சேர்க்கப் பார்த்தார்.

“வண்டியெல்லாம் அசிங்கமாக்கிட்டேன், தம்பி.”

“காஞ்சா தானே உதிர்ந்துடும். விடுங்க,” என்றான் லானி.